துணைப் பேனலுக்கு 16 ஸ்கொயர் எம்எம் ஆர்மர்டு கேபிள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

வீட்டு மெயின் பேனலிலிருந்து 45 மீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் மரவேலைக் கூடத்தின் துணைப் பேனலுக்கு, 16 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று கோர் ஆர்மர்டு கேபிளை இழுத்து ஓராண்டு நிறைவடைந்துவிட்டது. கடத்தி செம்பு, இன்சுலேஷன் எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன்), அதன் மேல் எஃகுக் கம்பிக் கவசமும் பிவிசி வெளியுறையும் உள்ளன. மூன்று கோர்களில் ஒன்று ஃபேஸுக்கு, ஒன்று நியூட்ரலுக்கு, ஒன்று எர்த்துக்கு. இணைப்பு ஒருமுனை 230 வோல்ட். கேபிள் புறப்படும் இடத்தில் 63 ஆம்பியர் பிரேக்கர். இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது நீடித்து எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 50 ஆம்பியர். இந்தச் சூழலுக்கு இந்தக் கேபிள் எவ்வளவு தூரம் பொருந்தியது, எங்கே சிரமம் கொடுத்தது, எந்தக் கட்டத்தில் இன்னும் ஒரு படி பெரிய அளவை வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது என்பதை எழுதுகிறேன். நான் எடைபோட விரும்புவது ஒரு நிறுவனத்தை அன்று, ஓர் அளவையும் ஒரு வகையையும்தான் என்பதால் தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரே தரநிலையைப் பின்பற்றிச் செய்யப்பட்ட கேபிள் எதுவானாலும் கீழே வரும் கணக்கு அதற்குப் பொருந்தும்.

இதற்கு முன் அங்கே இருந்தது 10 சதுர மில்லிமீட்டர் பிவிசி செப்புக் கேபிள். அதை அமைத்த மின்பணியாளர் அட்டவணையைப் பார்க்காமல் அமைத்தார் என்று சொல்ல முடியாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60364 தரநிலையின் அட்டவணைப்படி, சுவரில் பொருத்தப்பட்ட, மின்னோட்டம் ஓடும் இரண்டு கடத்திகள் கொண்ட பிவிசி செப்புக் கேபிள் 10 சதுர மில்லிமீட்டரில் 63 ஆம்பியர் தாங்கும். பிரேக்கரும் 63 ஆம்பியர். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்ததால் வேலை முடிந்துவிட்டதாக அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். ஆனால் அந்த 63 என்ற எண், சுற்றியிருக்கும் காற்று 30 டிகிரி செல்சியஸில் இருந்து, கேபிளும் தனியாகப் போகும்போது மட்டுமே செல்லுபடியாகும். எங்கள் கேபிளோ வெயில் காயும் தகரக் கூரையின் அடியில், கோடையில் 40 டிகிரிக்குக் குறையாத இடத்தில், தண்ணீர்ப் பம்புக்குப் போகும் இன்னொரு கேபிளோடு ஒரே கிளாம்ப்பில் கட்டப்பட்டுப் போகிறது. பிவிசி இன்சுலேஷனுக்கு 40 டிகிரியில் திருத்தக் காரணி 0.87, இரண்டு சுற்றுகள் ஒரே கட்டாகப் போனால் 0.80. 63-ஐ இவ்விரண்டாலும் பெருக்கினால் கிடைப்பது 43.8 ஆம்பியர். ஆக, 50 ஆம்பியர் எடுக்கும் கூடத்துக்கு 44 ஆம்பியர்கூடத் தாங்காத கேபிளை, 63 ஆம்பியர் வரை வாய் திறக்காத பிரேக்கரின் காவலில் விட்டிருந்தோம். கேபிள் சூடேறி இன்சுலேஷன் கெட்டாலும் அந்தப் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. கேபிளைப் பற்றி எழுதும்போது நான் இதையே முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு நெருப்பில் போய் முடியக்கூடியது.

அறிகுறிகள் முன்பே தென்பட்டன. மேசை ரம்பத்தை ஓட்டும் மோட்டாரை இயக்கும் ஒவ்வொரு முறையும் விளக்குகள் ஒரு கணம் மங்கின. இயந்திரங்கள் எல்லாம் ஓடும் ஒரு பிற்பகலில் இரண்டு முனைகளிலும் வோல்டேஜை அளந்து பார்த்தேன்: மெயின் பேனலில் 229 வோல்ட், கூடத்தில் 218. அதாவது கேபிள் மட்டுமே 11 வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த 11 வோல்ட்தான் என்னைக் கணக்குப் போட உட்கார வைத்தது. ஒருமுனை இணைப்பில் மின்னழுத்த வீழ்ச்சியைக் கணக்கிடுவது கடினமில்லை. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் தொலைவை இரட்டிப்பாக்கி, அதை மின்னோட்டத்தாலும் ஒரு மீட்டருக்கான மின்தடையாலும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐஇசி 60228 தரநிலைப்படி 10 சதுர மில்லிமீட்டர் செப்புக் கடத்தியின் மின்தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 1.83 ஓமுக்கு மிகக் கூடாது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவதால், கடத்தி 70 டிகிரிக்குச் சூடாகும்போது அது 2.19 ஓம் ஆகிறது. 90 மீட்டர், 50 ஆம்பியர், 2.19 ஓம் ஆகியவற்றைப் பெருக்கினால் 9.9 வோல்ட் வருகிறது. கணக்கில் 9.9 வருவது மீட்டரில் 11 காட்டுவதேன் என்ற கேள்விக்கு விடை, கேபிளைக் கழற்றிய பிறகுதான் கிடைத்தது.

புதிய கேபிளைச் சுவரில் ஏற்றுவதற்கு முன் டிரம்மில் இருக்கும்போதே சோதித்தோம். இரு கோர்களின் ஒரு முனையைச் சேர்த்து இறுக்கி, மறுமுனையில் குறைந்த வோல்டேஜ் நேர்மின்சார மூலத்திலிருந்து சரியாக 10 ஆம்பியர் செலுத்தி, கோர்களின் வாயிலேயே மீட்டர் முனைகளை வைத்து வோல்டேஜை அளந்தோம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையால் இவ்வளவு சிறிய தடையை நம்பிக்கையாக அளக்க முடியாது. மின்னோட்டத்தைச் செலுத்தி வோல்டேஜை அளப்பதே பொருத்தமான வழி. 16 சதுர மில்லிமீட்டருக்குத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் கிலோமீட்டருக்கு 1.15 ஓம். அன்று அறையின் வெப்பம் 30 டிகிரி என்பதால் அதைத் திருத்திப் பார்த்தால், 90 மீட்டருக்கு 10 ஆம்பியரில் 1.08 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் காட்டியது 1.05. அடுத்து, கழற்றிப் போட்ட பழைய கேபிளையும் அதே இடத்தில், அதே முறையில் சோதித்தோம். 1.71 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.93 காட்டியது. வெளியுறையில் 10 என்று அச்சிட்டிருந்த அந்தக் கேபிளுக்குள் ஒன்பது சதுர மில்லிமீட்டர் செம்புகூட இல்லை. 9.9-க்கும் 11-க்கும் இடையிலிருந்த வேறுபாடு அங்கே ஒளிந்திருந்தது.

கேபிள் வாங்கும் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையிலிருந்து எவ்வளவு கவனமாக அளவைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த அளவுக்கான செம்பு உள்ளே இல்லையென்றால் அந்தக் கவனம் முழுவதும் வீண். இழையின் விட்டத்தைக் காலிப்பரால் அளப்பதும் உதவும்: 16 சதுர மில்லிமீட்டர் கடத்தி, இறுக்கி அழுத்தப்படாத வட்ட இழைகளால் ஆனதென்றால், ஏழு இழைகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். ஆனால் விட்டம் சரியாக இருந்தும் செம்பு தூய்மையற்றதாக இருக்கலாம். மின்தடைச் சோதனை இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது.

இனி, 16 என்ற அளவுக்கு எப்படி வந்தோம் என்பதைச் சொல்கிறேன். முதல் விதி எளிது: சுமை எடுக்கும் மின்னோட்டத்தைவிட பிரேக்கரின் அளவு குறையக் கூடாது, பிரேக்கரின் அளவைவிட, எல்லாத் திருத்தங்களுக்கும் பிறகு கேபிள் தாங்கும் அளவு குறையக் கூடாது. எங்களுக்கு 50, 63, அதற்கு மேல் ஏதாவது ஓர் எண் என்று அமைய வேண்டும். பிவிசியிலேயே 16 எடுத்தால் அட்டவணை 85 ஆம்பியர் என்கிறது, திருத்தினால் 59. போதாது. பிவிசியில் 25 எடுத்தால் 112 ஆம்பியர், திருத்திய பின் 78. எக்ஸ்எல்பிஇயில் 16 எடுத்தால் 107 ஆம்பியர். எக்ஸ்எல்பிஇக்கு 40 டிகிரியில் திருத்தக் காரணி 0.91 என்பதால், கட்டுக்கான 0.80-ஐயும் பெருக்கிய பின் இதுவும் 78-இலேயே வந்து நிற்கிறது. பிவிசி 70 டிகிரி வரை தாங்குவது, எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி வரை தாங்குவது என்ற அந்த இருபது டிகிரிதான் ஒரு முழு அளவுப் படியை மிச்சப்படுத்திக் கொடுத்தது. வெப்பமான இடத்தில் கேபிள் போக வேண்டியவர்களுக்கு எக்ஸ்எல்பிஇயையே பரிந்துரைப்பேன்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கேபிள் 90 டிகிரி தாங்கும் என்பதற்காக அதை 90 டிகிரிவரை ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கேபிள் போய்ச் சேரும் பிரேக்கரின் டெர்மினல்கள் பெரும்பாலும் 70 டிகிரிக் கடத்தியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. சூடான செம்பு அந்தச் சூட்டை நேராகப் பிரேக்கருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிரேக்கர் காரணமில்லாமல் விழும், அதாவது இணைப்பைத் துண்டித்துவிடும், அல்லது அதன் பிளாஸ்டிக் உடல் மெல்ல மெல்லப் பழுக்கும். கடத்தியின் வெப்ப உயர்வு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டால், 78 ஆம்பியர் தாங்கும் இடத்தில் 50 ஆம்பியர் ஓடும்போது கடத்தி ஏறத்தாழ 61 டிகிரியில் நிற்கும். அதனால் எங்களுக்குக் கவலையில்லை. 63 ஆம்பியரை மணிக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அது 73 டிகிரியைத் தொடும். அவர்கள் டெர்மினலின் வெப்ப வரம்பைப் படித்த பிறகே இந்த அளவை வாங்க வேண்டும்.

மின்னழுத்த வீழ்ச்சியில் புதிய கேபிள் எதிர்பார்த்தபடியே நடந்துகொள்கிறது. கணக்கில் 6 வோல்ட், அதாவது 2.6 சதவீதம்; மீட்டரில் 5.8 வோல்ட். விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்று ஐஇசி சொல்லும் வரம்பு, இணைப்பின் தொடக்கத்திலிருந்து கடைசி விளக்குவரை உள்ள மொத்தத்துக்கானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். துணைப் பேனலுக்கு வரும் கேபிளே மூன்றையும் தின்றுவிட்டால், பேனலிலிருந்து விளக்குக்குப் போகும் சிறிய வயர்களுக்கு எதுவும் மிஞ்சாது. அந்த வகையில் 2.6 சதவீதம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ரம்பத்தின் மோட்டார் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஆறு மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கிறது; முன்பு கண்ணுக்கு உறுத்திய மங்கல் இப்போது கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரிகிறது, ஆனால் முற்றிலும் மறையவில்லை.

வீணாகும் மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். பழைய கேபிளில் 50 ஆம்பியர் ஓடும்போது, பெயரளவில் உள்ள தடைப்படியே 490 வாட் வெப்பமாகப் போனது. உண்மையில் 11 வோல்ட் என்பதால் 550 வாட். மீட்டருக்குப் பன்னிரண்டு வாட் வீதம் கூரைக்கடியில் ஒரு நீண்ட அடுப்பை எரித்துக்கொண்டிருந்தோம். இப்போது அது 300 வாட்டுக்குள் இருக்கிறது. கேபிளுக்குக் கூடுதலாகச் செலவிடுவதையும் அதில் ஆண்டுதோறும் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று இயற்பியலாளர் கெல்வின் 1881-லேயே சொல்லிவிட்டார். நாள் முழுவதும் ஓடும் கூடமென்றால், பாதுகாப்புக்குப் போதுமான அளவைவிடப் பெரிய கேபிளே கடைசியில் மலிவாக முடியும்.

பழுது ஏற்படும்போது பிரேக்கர் உடனே விழ வேண்டும் என்பதும் கேபிள் அளவைப் பொறுத்ததுதான். சி வகைப் பிரேக்கர் அதன் அளவைப் போலப் பத்து மடங்கு மின்னோட்டத்தில் உறுதியாக உடனே விழும்; 63 ஆம்பியர் என்றால் 630 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்குப் பழுதுச் சுற்றின் (பழுது வழியே மின்னோட்டம் போய்த் திரும்பும் பாதையின்) மொத்தத் தடை 0.36 ஓமுக்குள் இருக்க வேண்டும். எங்கள் கேபிளின் பங்கு குளிர்ந்த நிலையில் 0.10 ஓம்தான். ஃபேஸ் கடத்தி 16 சதுர மில்லிமீட்டர்வரை இருந்தால் எர்த்தும் அதே அளவில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி, மூன்று கோரும் ஒரே அளவில் உள்ள கேபிளையே எடுத்தோம். எர்த்துக்கு மட்டும் மெல்லிய வயரைத் தனியாக இழுக்கும் வழக்கத்தை எங்கே பார்த்தாலும் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

கேபிளின் குறைகள் எல்லாம் அதைக் கையாளும் வேலையில்தான் வெளிப்பட்டன. முதலாவது, இது வளைய மறுக்கிறது. தயாரிப்பாளரின் தாள், வெளி விட்டத்தின் 12 மடங்குக்குக் குறையாத ஆரத்தில்தான் வளைக்க வேண்டும் என்கிறது. 22 மில்லிமீட்டர் தடிமனுள்ள எங்கள் கேபிளுக்கு அது 26 சென்டிமீட்டர். சுவர் மூலையில் அவ்வளவு இடம் விடாமல் பெட்டியை ஓரத்தில் ஒட்டி வைத்திருந்ததால், துணைப் பேனலையே கழற்றி நகர்த்த வேண்டியதாயிற்று. பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கேபிள் வருவதற்கு முன்பே இதை வைத்து முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டாவது, கவசக் கம்பிகளைக் கிளாண்டில் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பியில்) சரியாக விரித்து இறுக்கி எர்த் செய்வது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. ஒரு முனைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கவசம் கிளாண்டில் இறுகாமல் தொங்கினால், ஆர்மர்டு கேபிள் வாங்கியதன் பயனே போய்விடும்.

மூன்றாவது குறையைக் கேபிளின் மேல் முழுதாகச் சுமத்த முடியாது, ஆனாலும் இந்த அளவை வாங்குவோர் எல்லோரும் அதைச் சந்திப்பார்கள். பழைய துணைப் பேனலின் நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டையில்) இருந்த துளை 16 சதுர மில்லிமீட்டர் கடத்தியை ஏற்கவில்லை. உதவிக்கு வந்த இளைஞர் கட்டிங் பிளேயரை எடுத்து, ஏழு இழைகளில் ஒன்றை நறுக்கப் போனார். அதைத் தடுத்தேன். ஏழில் ஒன்றை வெட்டினால், அந்த இடத்தில் கேபிள் 14 சதவீதம் சிறுத்துவிடுகிறது. அதுவும் எப்போதும் அதிகமாகச் சூடேறும் டெர்மினல் வாயிலேயே. பழைய கேபிளின் நியூட்ரல் முனையை அப்போது கையில் எடுத்துப் பார்த்தோம்: இரண்டு விரற்கடை நீளத்துக்கு இன்சுலேஷன் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது, உள்ளே செம்பு கறுத்திருந்தது. அந்த முனையிலும் இரண்டு இழைகள் வெட்டப்பட்டிருந்தன. பிறகு தகுந்த நியூட்ரல் பார் வாங்கி, செப்பு லக்கை (கடத்தியின் முனையில் மாட்டும் உலோக முனையை) அதற்குரிய டையில் கிரிம்ப் செய்து, அதாவது அச்சில் வைத்து நசுக்கி, குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு இறுக்கினோம். மூன்று மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு மறுபடி சோதித்தபோது ஒரு ஸ்குரூ கால் சுற்று இளகியிருந்தது. அதன் பிறகு இளகவில்லை.

அலுமினியம் ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 25 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் மின்தடை கிலோமீட்டருக்கு 1.20 ஓம், 16 சதுர மில்லிமீட்டர் செம்பின் 1.15-க்கு மிக அருகில் இருக்கிறது. கடத்தியின் எடையோ செம்பின் எடையில் பாதிகூட இல்லை. ஆனால் காற்றுப் பட்ட மறுநொடியே அலுமினியத்தின் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் படிகிறது. அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல ஒழுகி ஸ்குரூவை இளகச் செய்கிறது. செம்போடு நேராகச் சேர்ந்தால் ஈரத்தில் அரிக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு: செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக், ஆக்சைடு தடுப்புப் பசை, அலுமினியத்துக்கென்று குறிக்கப்பட்ட டெர்மினல். நூறு, இருநூறு மீட்டர் போகும் பெரிய இணைப்புகளில் இந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளலாம். நாற்பத்தைந்து மீட்டருக்கு, சிறிய டெர்மினல்கள் உள்ள 63 ஆம்பியர் பேனலுக்கு, செம்பே நிம்மதி.

மும்முனை இணைப்பு உள்ளவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. இதே 50 ஆம்பியர் சுமை, அதாவது 11.5 கிலோவாட், 400 வோல்ட் மும்முனையில் சமமாகப் பங்கிடப்பட்டால் ஒவ்வொரு ஃபேஸிலும் 17 ஆம்பியருக்குள்தான் ஓடும். 10 சதுர மில்லிமீட்டரிலேயே வீழ்ச்சி ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. அவர்களுக்கு 16 தேவையே இல்லை. நியூட்ரலை மட்டும் மெலியவிடக் கூடாது. எல்இடி விளக்குகளுக்கு மின்சாரம் தரும் டிரைவர்களும் கணினிகளும் நிறைந்த இடத்தில் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் (அடிப்படை அதிர்வெண்ணைப் போல மூன்று மடங்கு அதிர்வெண் உள்ளவை) நியூட்ரலில் ஒன்றையொன்று நீக்காமல் கூடிக்கொண்டே போகும்.

ஒருமுனை 230 வோல்ட், 50 ஆம்பியர், 50 மீட்டருக்கு உட்பட்ட தொலைவு என்றால் இந்தக் கேபிளைத் தயக்கமின்றி வாங்கலாம். அந்தத் தொலைவில்தான் வீழ்ச்சி 3 சதவீதத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டி 80 மீட்டர்வரை 25 சதுர மில்லிமீட்டருக்குப் போக வேண்டும். என் கூடத்துக்குள்ளும் நிலைமை மாறிவருகிறது. மரத்தூளை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று அடுத்து வரவிருக்கிறது. அதையும் சேர்த்தால் சுமை 60 ஆம்பியரைத் தாண்டிவிடும், வீழ்ச்சியும் 3 சதவீதத்தை மிஞ்சிவிடும். தொடக்கத்திலேயே 25 எடுத்திருந்தால், வேலையில் வேறுபாடு கிளாண்டும் லக்கும் பெரிதாவதோடு போயிருக்கும். கேபிளை இழுக்கும் உழைப்பு ஒன்றேதான். இப்போதைக்கு அந்த இயந்திரத்தையும் இழைப்புளி இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் ஓடவிடாத ஓர் இன்டர்லாக்கைத் துணைப் பேனலில் பொருத்தி, சுமையை 50-க்குள்ளேயே நிறுத்திக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம்.